காற்றை மிச்சம் பிடிக்காதீர்கள்

நான் ஒருமுறை தண்ணீருக்கு அடியில் பயந்துபோய், வாயில் இருந்த காற்றுக் குழாயைப் பிடுங்கி எறிந்திருக்கிறேன். எட்டு மீட்டர் ஆழத்தில். முதுகில் கட்டியிருந்த சிலிண்டரில் முக்கால்வாசிக் காற்று அப்படியே இருந்தது. குழாயும் ஒழுங்காகத்தான் வேலை செய்தது. எங்கள் குழுவில் சிலர் இதை இன்னும் என் முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். அவர்களுக்கு எதற்குச் சிரமம், நானே எழுதிவிடுகிறேன்.

தமிழும் மலையாளமும் கலக்கிற எல்லையில், சித்தூருக்குக் கிழக்கே தென்னந்தோப்பும் கொஞ்சம் வயலும் வைத்துப் பிழைக்கிற குடும்பத்தில் பிறந்து, அதே மாதிரி இன்னொரு குடும்பத்துக்கு வாக்கப்பட்டவள் நான். வயது நாற்பத்தொன்று. எங்கள் பக்கத்தில் கைவிட்ட பாறைக்குழிகள் நிறைய உண்டு. கல்லை உடைத்து எடுத்துக்கொண்டு, சுற்றி ஒரு வேலிகூடப் போடாமல் விட்டுப்போன குழிகள். மழைத் தண்ணீர் தேங்கி, மேலிருந்து பார்த்தால் பச்சைப் பசேலென்று அழகாக இருக்கும். குளிக்கப் போனவர், மாடு கழுவப் போனவர், செல்ஃபி எடுக்கப் போனவர் என்று வருடாவருடம் ஆள் போய்க்கொண்டே இருக்கும். வெளியூரிலிருந்து ஆட்கள் வந்து உடலைத் தேடி எடுப்பதற்குள் ஒரு நாள் ஆகும், சில சமயம் இரண்டு நாள். அதுவரை அந்தக் குடும்பம் கரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கப் பொறுக்காமல்தான் நாங்கள் பத்துப் பேர் சேர்ந்து ஒரு குழுவாக ஆனோம். ஒன்பது ஆண்கள், அப்புறம் நான்.

என்னைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னது என் அண்ணன். இதை மறக்காமல் சொல்லிவிட வேண்டும். என்னைவிட ஆறு வயது மூத்தவர். எங்கள் வீட்டுக் கிணற்றில் இரண்டு பேரும் சேர்ந்துதான் நீந்தக் கற்றோம். மேலேயிருந்து கல்லைப் போட்டால், அது தரை தொடுவதற்குள் முங்கிப் பிடித்துக்கொண்டு வருவார். தம் கட்டுவதில் அவரை மிஞ்ச அந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆள் கிடையாது. அவருக்கு அடுத்தது நான். அந்தப் பெருமை எனக்கும் கொஞ்சம் ஜாஸ்தியாகவே இருந்தது.

எங்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் கடற்படையில் முக்குளிப்பவராக இருந்து ஓய்வுபெற்ற மலையாளி. தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார், கோபம் வந்தால் மலையாளம் மட்டும். முதல் வகுப்பிலேயே அவர் சொன்னது, தண்ணீருக்குள் சிலிண்டரோடு இருக்கும்போது மூச்சை ஒருபோதும் அடக்கக்கூடாது என்பது. நாங்கள் பத்துப் பேரும் தலையை ஆட்டினோம். பத்துப் பேரும் கிணற்றில் தம் கட்டி வளர்ந்தவர்கள்.

நான் பயந்த கதை இதுதான். ஒரு பாறைக்குழியில் பயிற்சி. கீழே போகப் போகத் தண்ணீர் கருத்து, கை நீட்டினால் விரல் தெரியாத இருட்டு. முகக்கண்ணாடிக்குள் கொஞ்சம் தண்ணீர் ஏறியது. மூக்கில் தண்ணீர் பட்டதும் நெஞ்சு படபடத்தது. அந்த நேரம் பயிற்சியாளர் விளக்கை என் முகத்தில் அடித்து, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வளையமாகக் காட்டினார். எல்லாம் சரியா என்று அர்த்தம். நானும் வளையம் காட்டினேன். இரண்டு மூச்சு கழித்துக் குழாயைப் பிடுங்கி எறிந்துவிட்டு மேலே பாய்ந்தேன். மூக்கில் ரத்தம். ஒரு வாரம் இடது காது கேட்கவில்லை. நுரையீரல் கிழியாமல் தப்பித்தது என் அதிர்ஷ்டம் என்று டாக்டர் திட்டினார்.

"சரியில்லைன்னா சரியில்லைன்னு காட்டணும். பின்னே எந்தினா ஓக்கே காணிச்சது?" என்று பயிற்சியாளர் கத்தினார்.

எதற்கு ஓக்கே காட்டினேன்? நல்ல கேள்வி. வீட்டுக்கு வந்து காதில் பஞ்சை வைத்துக்கொண்டு யோசித்தேன். எங்களை வளர்த்த விதம் அப்படி. பெரியவர் யாராவது எதையாவது கேட்டால் வாய் தானாகச் "சரிங்க" என்று சொல்லிவிடும். சாப்பாடு போதுமா? போதுமுங்க. மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறதா? சரிங்க. காய்ச்சல் எப்படி இருக்கிறது? பரவாயில்லீங்க. நூற்றுமூன்று டிகிரியில் கொதித்துக்கொண்டிருக்கும்போதுகூடப் பரவாயில்லீங்கதான். கேட்டவர் மனம் கோணக்கூடாது. தண்ணீருக்கு அடியிலும் என் விரல் அதே மரியாதையைத்தான் காட்டியது.

அண்ணன் அன்றைக்குச் சிரித்தார். "பொம்பளைக்கு நெஞ்சு பத்தாது அம்மிணி. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல, உட்டுரு" என்றார். பாசமாகத்தான் சொன்னார். அதனால்தான் எனக்கு எரிச்சல் இரண்டு மடங்கானது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

காது கேட்க ஆரம்பித்த ஞாயிற்றுக்கிழமை, பயிற்சிக்கு முதல் ஆளாகப் போய் நின்றேன். ஆழத்துக்கு அனுப்ப மாட்டேன் என்றார் பயிற்சியாளர். வேண்டாம், எங்கள் தோட்டத்துக் கிணறு போதும் என்று சிலிண்டரை வாங்கிக்கொண்டு வந்தேன். மூன்று மாதம், வாரத்துக்கு இரண்டு நாள், கிணற்றின் கடைசிப் படியில் தண்ணீருக்குள் உட்கார்ந்து முகக்கண்ணாடியைக் கழற்றுவேன், மாட்டுவேன். குழாயை எடுப்பேன், வாயில் வைப்பேன். மூக்கில் தண்ணீர் ஏறினால் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது. மூச்சை மெதுவாக, நீளமாக வெளியே விட்டால் நெஞ்சு தானாக இறங்கும். அதை என் உடம்பு நம்புகிறவரை உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரர் கிணற்று மேட்டில் பேப்பர் படித்துக்கொண்டு, குமிழி வருகிறதா என்று பக்கத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்ப்பார்.

பயம் தண்ணீருக்குள் பிறப்பதில்லை என்பதை அந்த மூன்று மாதத்தில் கண்டுகொண்டேன். அது கரையிலேயே ஆளைப் பிடித்துவிடுகிறது. பார்க்கத் தெரிந்தால் கண்ணுக்குத் தெரியும். எங்கள் குழுவில் ஒருவர், சாதாரணமாக வாயே திறக்க மாட்டார், பயம் வந்துவிட்டால் ஜோக்காக அடித்துத் தள்ளுவார். இன்னொருவர் மூன்று தடவை மறைவுக்குப் போய்விட்டு வருவார். சிலர் ஒரே வாரை இழுத்து இழுத்துப் பார்ப்பார்கள். மூச்சு வயிற்றிலிருந்து தோளுக்கு ஏறிவிடும், தோள்பட்டை ஏறி இறங்குவது தெரியும். தண்ணீருக்குள் போனபின் கண் பெரிதாகும், கை முகக்கண்ணாடியைத் தடவிக்கொண்டே இருக்கும், பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காமல் மேலே வெளிச்சத்தையே பார்ப்பார்கள். அதற்குப் பிறகு நேரம் கிடையாது. ஆகவே, கரையிலேயே பிடித்துவிட வேண்டும். பிடித்துவிட்டால் வைத்தியம் எளிது. உட்கார வைத்து, நிதானமாக மூச்சுவிட வைத்து, அப்புறமும் முடியவில்லை என்றால் இன்றைக்கு வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டியதுதான்.

பயிற்சியாளரிடம் போய், வளையம் காட்டிக் கேட்பதை நிறுத்துங்கள் என்றேன். "எங்காளுங்ககிட்டச் சரியான்னு கேட்டா, சாகற வரைக்கும் சரிம்போமுங்க. சிலிண்டர் மீட்டர்ல காத்து எத்தனைன்னு கேளுங்க. நெம்பரைப் பாத்து, விரல்ல எண்ணிக் காட்டோணும். பயந்தவனுக்கு எண்ண வராதுங்க."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். குழாயைப் பிடுங்கி எறிந்தவள் பாடம் எடுக்க வந்துவிட்டாள் என்று நினைத்திருப்பார். "நீ உன் ஜோடிகிட்ட அங்ஙனே கேட்டுக்கோ. மதி, மதி, போ" என்று, போதும் என்கிற மாதிரி கை அசைத்து அனுப்பிவிட்டார். தண்ணீரில் இரண்டிரண்டு பேராகத்தான் இறங்குவோம். சரி, என்னோடு ஜோடியாக இறங்கியவர்களிடம் நான் அப்படியே கேட்டேன்.

அண்ணனைப் பற்றி எனக்குக் கவலை வந்தது வேறு காரணத்தால். முங்கி எழுந்ததும் எல்லோருடைய மீட்டரையும் பார்த்து எழுதுவோம். எப்போதும் அண்ணனுடைய சிலிண்டரில்தான் அதிகக் காற்று மிச்சம் இருக்கும். எங்களுக்கெல்லாம் பாதிக்குக் கீழே போயிருக்கும்போது அவருக்கு முக்கால் இருக்கும். குழுவே மெச்சிக்கொள்ளும். அவர் மீசையைத் தடவிக்கொண்டு, "கெணத்து மூச்சுங்க" என்பார். அவருக்கு ஜோடியாகப் போன ஒருநாள்தான் நான் கவனித்தேன். அவரிடமிருந்து குமிழியே வரவில்லை. ஒரு மூச்சு இழுத்து, உள்ளே நிறுத்தி, பத்து எண்ணி, அப்புறம்தான் விடுகிறார். சொட்டுநீர்க் குழாய் போட்டு, மோட்டார் ஓடும் நேரத்தைக் கணக்குப் பார்த்து வாழ்கிற விவசாயி, காற்றையும் சிக்கனம் பிடிக்கிறார்.

அது பெருமைக்குரிய விஷயமே இல்லை. மூச்சை அப்படி நிறுத்தி நிறுத்தி விட்டால் கெட்ட காற்று உடம்புக்குள்ளேயே தங்கிவிடும். முதலில் தலை வலிக்கும். அப்புறம், சிலிண்டர் நிறையக் காற்று இருந்தாலும், காற்று இல்லை காற்று இல்லை என்று உடம்பு அலற ஆரம்பித்துவிடும். அலறுகிற உடம்பிடம் மூளை பேச முடியாது. அண்ணன் ஒவ்வொரு முறை முங்கி எழுந்ததும் தலைவலி மாத்திரை போடுவார். யாரும் அதை இதோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

"ஏனுங்ணா, இது கெணறு இல்லீங்க. காத்தை மிச்சம் புடிக்காதீங்க, நல்லா இழுத்து நல்லா உடுங்க" என்றேன்.

"வீணாக்க மனசு வராது அம்மிணி" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அந்த நாள் வந்தது மாசி மாதக் கடைசியில். கொல்லங்கோட்டுப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு பாறைக்குழி. காணாமல் போனவருக்கு முப்பத்தொரு வயது, டிராக்டர் மெக்கானிக். வேலை முடிந்து கை கால் கழுவ இறங்கியவர் வழுக்கி விழுந்துவிட்டார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். எங்கள் அண்ணன் வீட்டிலிருந்து இரண்டு வயல் தள்ளித்தான் அவருடைய வீடு. அவருக்குச் சின்ன வயதில் நீச்சல் கற்றுக் கொடுத்தது அண்ணன், நாங்கள் நீந்தக் கற்ற அதே கிணற்றில்.

ஜீப்பில் போகும்போது அண்ணன் ஒரே ஒரு வார்த்தைதான் பேசினார். "நான் சொல்லிக் குடுத்த நீச்சல்" என்றார். அதற்கு அப்புறம் வழி முழுக்க வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். ஜீப்பில் ஏறினால் டிரைவரிலிருந்து டயர் வரை கிண்டல் பண்ணுகிற மனிதர்.

மதியம் மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தோம். கரை முழுக்கக் கூட்டம். ஆளாளுக்குக் கையில் போன். வெள்ளை வேட்டி கட்டிய ஒருவர், யார் அவருக்கு அதிகாரம் கொடுத்தார்களோ தெரியாது, "பொழுது எறங்கறதுக்குள்ள எடுக்கோணும், சீக்கிரம், சீக்கிரம்" என்று எங்களை விரட்டிக்கொண்டிருந்தார். இறந்தவரின் மனைவி ஒரு பாறையில் உட்கார்ந்து, அழாமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் நிழலில் நின்று சிலிண்டரைக் கட்டிக்கொண்டிருந்தார். நெற்றி முழுக்க வியர்வை. இடுப்பு வாரை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார். முகக்கண்ணாடியை மாட்டினார், நெற்றிக்கு ஏற்றினார், மறுபடியும் மாட்டினார். தோள் ஏறி இறங்கியது. நான் பக்கத்தில் போய், "கத்தியை எந்தப் பக்கம் கட்டியிருக்கீங்ணா?" என்று கேட்டேன்.

"சரி அம்மிணி" என்றார்.

கேள்வி அவர் காதில் ஏறவே இல்லை. நேராகப் பயிற்சியாளரிடம் போனேன். "அண்ணன் இன்னைக்கு எறங்க வேண்டாமுங்க. அவரு அவராவே இல்லீங்க."

பயிற்சியாளர் அண்ணனைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். குழுவிலேயே அதிகக் காற்று மிச்சம் வைக்கிறவர் அண்ணன். ஆழமோ பதினைந்து மீட்டர். வேறு யாரை அனுப்புவது என்ற கணக்கு அவர் முகத்தில் ஓடியது. அதற்குள் அண்ணனுக்குக் காதில் விழுந்துவிட்டது.

"என்னம்மிணி, ஊரே பாக்கறப்ப என்ற மானத்தை வாங்கறயா?"

"அப்ப ஜோடி நானுங்க" என்றேன். "இல்லீனா ஆரும் எறங்க முடியாது. சிலிண்டரை எல்லாம் பூட்டி, ஜீப் சாவியை எடுத்துட்டுப் போய் ரோட்டுல உக்காந்துக்குவேன்."

செய்யக்கூடியவள் என்று அவர்கள் இருவருக்கும் தெரியும். என்னை ஜோடியாக அனுப்பினார்கள். அன்றைக்கு என்னைத் தைரியசாலி என்று நினைத்துக்கொண்டேன். இப்போது யோசித்தால், பாதிதான் எதிர்த்திருக்கிறேன். நிஜமாகவே சாவியை எடுத்துக்கொண்டு போயிருக்க வேண்டும்.

இருவருக்கும் நடுவில் இரண்டு மீட்டர் கயிறு கட்டி இறங்கினோம். ஐந்து மீட்டர் ஆழத்தில் விளக்கை என் சிலிண்டர் மீட்டரில் தட்டிக் காட்டி, காற்று எத்தனை என்று கேட்டேன். அண்ணன் வளையம் காட்டினார். மறுபடியும் மீட்டரைத் தட்டினேன். மறுபடியும் வளையம். அவர் தன் மீட்டரைப் பார்க்கவே இல்லை. பத்து மீட்டரில் தண்ணீர் சட்டென்று குளிர்ந்தது. விளக்கை அவர் பக்கம் திருப்பினேன். குமிழி இல்லை. எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று என்று பன்னிரண்டு வரை எண்ணியும் குமிழி வரவில்லை. தம் கட்டிக்கொண்டிருக்கிறார்.

மேலே போகலாம் என்று கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினேன். அதற்கும் வளையம். அவர் விரல்கள் என்னோடு பேசிக்கொண்டிருந்தன, அவர் அங்கே இல்லை. கண்ணாடிக்குள் கண் இரண்டும் விரிந்து என்னைத் தாண்டி எதையோ பார்த்தன. அடுத்த நொடி குமிழி குபுகுபுவென்று கொட்டியது. கை முகத்துக்குப் போனது. முகக்கண்ணாடி கழன்றது. அப்புறம் குழாய்.

அவர் என் வாயில் இருந்த குழாயைப் பறிக்க வந்தார். எங்கள் வீட்டு மனிதர்களிலேயே அன்பானவர், என் வாயிலிருந்து காற்றைப் பிடுங்கப் பார்த்தார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. நானும் அந்த இடத்தில் இருந்திருக்கிறேன். கையைத் தட்டிவிட்டு, அவருக்குக் கீழே போய், சுற்றிப் பின்பக்கம் வந்து, சிலிண்டர் கழுத்தை இடது கையால் இறுக்கிப் பிடித்தேன். நான் மாட்டியிருந்த மிதவை ஜாக்கெட்டில் இருந்த மஞ்சள் உபரிக் குழாயைத் தோளுக்கு மேலாக நீட்டி அவர் வாயில் திணித்து, பொத்தானை அமுக்கிக் காற்றை அடித்தேன். கடித்துக்கொண்டார். முதல் மூச்சு வந்தது. அடுத்தது வந்தது. இறுகிப்போயிருந்த உடம்பு கொஞ்சம் தளர்ந்தது. என் மூச்சைச் சத்தமாக, நீளமாக விட்டேன், அவர் முதுகில் அது அதிரும்படியாக. அவர் அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேரும் ஒரே தாளத்தில் மூச்சுவிட்டபடி மெதுவாக, குமிழிகளை முந்தவிட்டு, மேலே ஏறினோம். பத்து மீட்டர் ஏற அவ்வளவு நேரம் ஆகும் என்று நான் அதுவரை நினைத்ததில்லை.

வெளியே வந்ததும் அவருடைய மிதவை ஜாக்கெட்டில் காற்றை நிரப்பி மிதக்கவிட்டேன். கயிறு போட்டு இழுத்தார்கள். கரையில் குப்புறப் படுத்து வாந்தி எடுத்தார்.

"எங்க, ஆளு கெடைக்கலியா?" என்றது கூட்டம்.

"பொம்பளையை அனுப்புனா இப்படித்தான். அது பயந்து இவரையும் இழுத்துட்டு வந்துருச்சு" என்றார் வெள்ளை வேட்டி. நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள். போன்கள் என் பக்கம் திரும்பின.

நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். உள்ளதைச் சொல்கிறேன், அந்தப் பழி எனக்குப் புதிதில்லை, தாங்கியிருப்பேன். அண்ணன் மானத்தைக் காப்பாற்றிய தங்கை என்று மனதுக்குள் ஒரு மாலையும் போட்டுக்கொண்டிருப்பேன். ஆனால் அண்ணன் எழுந்து உட்கார்ந்து, வாயைத் துடைத்துக்கொண்டு, பயிற்சியாளரைப் பார்த்து, "வேற ஆளை ஜோடி போடுங்க. நான் மறுக்கா எறங்கறேன்" என்றார். கை புதுச் சிலிண்டருக்குப் போய்விட்டது. பயிற்சியாளர் தடுக்கவில்லை. அவருக்கும் கீழே என்ன நடந்தது என்று தெரியாதே.

எழுந்து நின்றேன். கரை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன்.

"பயந்தது நான் இல்லீங்க. என்ற அண்ணன். கீழ குழாயைப் புடுங்கிட்டாருங்க. மறுக்கா எறங்குனாருன்னா, நீங்க ரெண்டு பேரைத் தேடோணும்."

அண்ணன் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் என்னால் எழுத முடியவில்லை. அப்புறம் வெள்ளை வேட்டிக்காரர்தான் முதலில் வாயைத் திறந்தார். "அதுக்காகப் பொழுது போற வரைக்கும் வேடிக்கை பாக்கறதா? வேற ஆளே இல்லியா?"

பாறையில் உட்கார்ந்திருந்த பெண் அப்போதுதான் தலையைத் திருப்பினாள். "ஆரும் எறங்க வேண்டாமுங்க" என்றாள். குரல் உயரவே இல்லை. "உள்ள இருக்கறவரு இனி எங்கயும் போகமாட்டாருங்க. நாளைக்கு எடுங்க."

மறுநாள் காலை வெளிச்சம் வந்தபின், நானும் குழுவில் இன்னொருவரும் இறங்கி அவரை எடுத்துக்கொண்டு வந்தோம். கல் இடுக்கில் அமைதியாக இருந்தார். அண்ணன் வரவில்லை.

நான் பேசியது அதற்குள் போன் போனாகப் போய்விட்டது. பால் கூட்டுறவில், டீக்கடையில், எங்கே போனாலும் அண்ணனைப் பார்த்து, "ஏனுங்க, குழாயைப் புடுங்கிட்டீங்களாமா?" என்று விசாரித்திருக்கிறார்கள். அண்ணி போன் பண்ணினார். "ஊரு முன்னால சொல்லாம இருந்திருக்கலாம் அம்மிணி. அவரு ஊட்டை உட்டு வெளிய போறதில்ல."

"ஊட்டுலயாச்சும் இருக்காருல்லீங்களா அண்ணி" என்றேன். போனை வைத்துவிட்டார்.

அண்ணன் என்னோடு பேசுவதை நிறுத்தினார். மாதங்கள் போயின. வைகாசியில் அவர் மகளுக்கு நிச்சயம் வைத்தார். கூடப் பிறந்தவளை நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது எங்கள் வழக்கம். எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது, கீழே ஒரு எழுத்துக்கூட இல்லை. போகாமல் இருப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். அத்தை உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்தேன், அத்தை செய்ய வேண்டியதைச் செய்தேன், இரண்டு தடவை பாயசம் வாங்கிக் குடித்தேன். என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தவர்களைத் திருப்பிப் பார்த்து, அவர்கள் கண்ணைத் தாழ்த்துகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் எல்லோருக்கும் கும்பிடு போட்டுக்கொண்டு வந்தவர், என்னைத் தாண்டிப் போனார். வீட்டுக்கு வந்து சேலையைக்கூட மாற்றாமல் அழுதேன். சொன்னது சரிதான் என்பதில் எனக்குச் சந்தேகம் வந்ததில்லை. அழுகை அதற்காக நிற்கவில்லை.

குழுவில் ஒரு மாற்றம் வந்தது. பயிற்சியாளர் ஒருநாள் எல்லோரையும் உட்கார வைத்து, இனி வளையம் கிடையாது, மீட்டர் எண்ணைத்தான் கேட்க வேண்டும் என்றார். காற்றை மிச்சம் வைப்பவருக்குப் பாராட்டும் கிடையாது. யார் வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் முங்குவதை நிறுத்தலாம், ஏன் என்று யாரும் கேட்கக்கூடாது. என் பெயரைச் சொல்லவில்லை. சொல்லாவிட்டால் என்ன, எனக்குத் தெரியாதா?

ஐப்பசியில், மழை ஓய்ந்த ஒரு வாரத்தில், சித்தூர்ப் பக்கம் ஒரு பெரிய பண்ணைக் குளத்தில் ஆள் போய்விட்டார் என்று அழைப்பு வந்தது. ஜீப் புறப்படும் நேரத்தில் அண்ணன் வந்து ஏறிக்கொண்டார். எட்டு மாதத்துக்குப் பிறகு. எனக்கு எதிரில் உட்கார்ந்து, என் காலடியைப் பார்த்துக்கொண்டு வந்தார்.

குளக்கரையிலும் கூட்டம், போன், எல்லாம் அதே மாதிரிதான். பயிற்சியாளர் ஒவ்வொருவராகப் பார்த்துக்கொண்டே வந்தார். அண்ணன் சிலிண்டரைத் தோளில் மாட்டி, ஒரு வாரை மட்டும் கட்டியிருந்தார். அதையே இழுத்து இழுத்துப் பார்ப்பதை நான் பார்த்தேன். இந்தத் தடவையும் நானே சொல்ல வேண்டியிருக்குமோ, சொன்னால் இனி ஆயுசுக்கும் பேச மாட்டாரே என்று யோசித்தேன். சொல்வதென்று முடிவு செய்து ஓரடி எடுத்து வைத்தேன்.

அண்ணன் தொண்டையைச் செருமினார்.

"இன்னைக்கு நான் எறங்கலீங்க" என்றார் பயிற்சியாளரிடம். எல்லோருக்கும் கேட்டது. "பயமா இருக்குதுங்க."

எங்கள் வீட்டு ஆண் ஒருவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் கேட்பது அதுதான் முதல் தடவை. கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. திரும்பினேன். அதற்குள் அண்ணனே திரும்பிவிட்டார்.

"சிரிக்கறவங்க நல்லாச் சிரிச்சுக்குங்க" என்றார். "நான் பொழுதோட ஊட்டுக்குப் போயிருவேன்."

சொல்லிவிட்டுச் சிலிண்டரைக் கழற்றி, அதை என் முதுகில் தூக்கி வைத்து, வார்களை ஒவ்வொன்றாகக் கட்டிவிட்டார்.